கைவேலையும் மூளைவேலையே

பால்மரம் வெட்டுவதைக் கைவேலை என்றும், அலுவலகத்தில் அமர்ந்து கணக்கெழுதுவதை மூளைவேலை என்றும் பிரித்துக் கூறுவது நம்மிடையே நெடுநாளைய வழக்கம். மூளையை ஆராய்ந்தோர் இந்தப் பிரிவினையை ஒப்புவதில்லை. பெருமூளையின் மேற்பரப்பில் உடலின் ஒவ்வோர் உறுப்பையும் இயக்குவதற்கென ஓர் இடம் உண்டு. கனடா நாட்டின் மாண்ட்ரியல் நகரில் பணியாற்றிய அறுவை மருத்துவர் வைல்டர் பென்ஃபீல்டு, விழித்திருந்த நோயாளிகளின் மூளையை மெல்லிய மின்னோட்டத்தால் தொட்டுப் பார்த்து அவ்விடங்களைக் கண்டறிந்து, 1937இல் வெளியிட்டார். முதுகு முழுவதற்கும் அங்கே கிடைத்திருந்த இடம் மிகச் சிறிது. கைக்கும் முகத்திற்கும் வாய்க்கும் கிடைத்திருந்த இடமோ மிகப் பெரிது. உறுப்பின் அளவைப் பார்த்து மூளை இடம் பகிரவில்லை. அது செய்யும் வேலையின் நுட்பத்தைப் பார்த்தே பகிர்ந்திருக்கிறது.

பால்வெட்டும் தொழிலில் அந்நுட்பம் எத்தகையது என்பதை நாம் சொல்லித் தெரிய வேண்டியவர்கள் அல்லர் நம் வாசகர்கள். பட்டையை மில்லிமீட்டர் கணக்கில் சீவ வேண்டும். ஆழம் குறைந்தால் பால் குறையும். ஆழம் கூடினால் மரத்தின் வளர்படை காயப்பட்டு, புதுப்பட்டை முடிச்சு முடிச்சாக வளரும். அதுவும் விடியுமுன், தலைவிளக்கின் சிறு வெளிச்சத்தில். அப்பொழுது ஆழத்தை அளப்பது கண்ணன்று; கையே. இன்னும் சரியாகச் சொன்னால், கையிலிருந்து மூளைக்கும் மூளையிலிருந்து கைக்கும் ஓயாமல் ஓடும் செய்திகளே.

நரம்புகளின் வழி

கத்தி பட்டையில் அழுந்தும்போது விரல்தோலில் உள்ள உணர்ச்சி நுனிகள் அந்த அழுத்தத்தை உணர்கின்றன. தசைகளுக்குள்ளும் மூட்டுகளிலும் உள்ள வேறு நுனிகள், கை எந்த நிலையில் இருக்கிறது என்பதை அறிவிக்கின்றன. கண்ணை மூடிக்கொண்டாலும் நம் கை எங்கே இருக்கிறது என்று நமக்குத் தெரிவது இதனால்தான். இச்செய்திகள் உணர்ச்சி நரம்புகளின் வழியாகக் கழுத்தெலும்புகளிடையே தண்டுவடத்தில் நுழைந்து மூளைக்கு ஏறுகின்றன. தண்டுவடம் ஏறத்தாழ 45 சென்டிமீட்டர் நீளமுள்ள, சுண்டுவிரல் பருமனான நரம்புக் கயிறு. அதிலிருந்து 31 இணை நரம்புகள் உடலெங்கும் கிளைக்கின்றன. மூளையிலிருந்தே நேராகப் புறப்படும் 12 இணை நரம்புகளில் பெரும்பாலானவை கண், காது, நாக்கு, முகம் முதலியவற்றிற்குச் செல்பவை.

எல்லா நரம்புகளும் ஒரே வேகத்தில் செய்தி கொண்டுசெல்வதில்லை. மிக விரைவானவை நொடிக்கு 100 மீட்டருக்கும் மேற்பட்ட வேகமுடையவை. மெதுவான வலியைச் சுமப்பவை நொடிக்கு ஒரு மீட்டர் அளவே செல்லும். நிரையில் நடக்கையில் கட்டையில் கால்விரல் இடித்துக்கொண்டால், இடித்துவிட்டது என்பது முதலில் தெரிகிறது. ஆழ்ந்த வலி சற்றுப் பின்னரே பொங்குகிறது. இரண்டும் வெவ்வேறு நரம்புகளில் புறப்பட்டவை.

சில வேளைகளில் மூளையின் உத்தரவுக்குத் தண்டுவடம் காத்திருப்பதுமில்லை. கொதிக்கும் பானையில் கை பட்டவுடன், சூடு என்று நாம் அறியுமுன்பே கை பின்வாங்கிவிடுகிறது. இதனை அனிச்சைச் செயல் என்பர்.

மூளையின் பாகங்கள்

வளர்ந்த மனிதனின் மூளை ஏறத்தாழ 1.4 கிலோகிராம் எடையுள்ளது. அதில் சுமார் 8,600 கோடி நரம்பணுக்கள் உள்ளன என்பது இக்கால மதிப்பீடு. மேலே இரு பாதிகளாக அமைந்திருப்பது பெருமூளை. நினைப்பதும் முடிவெடுப்பதும் பேசுவதும் உறுப்புகளுக்குக் கட்டளையிடுவதும் அதன் வேலை. அடியில் உள்ள முகுளம் மூச்சையும் இதயத் துடிப்பையும் நாம் உறங்கும்போதும் நடத்திக்கொண்டிருக்கிறது.

பின்மண்டையில் உள்ள சிறுமூளையைப் பற்றிச் சற்று விரித்துக் கூறவேண்டும். பெயர்தான் சிறுமூளை, மொத்த நரம்பணுக்களில் ஐந்தில் நான்கு பங்கு அங்கேதான் இருக்கிறது. பெருமூளை இட்ட கட்டளையையும் கை உண்மையில் செய்த அசைவையும் ஒப்பிட்டு, பிழையைத் திருத்துவது அதன் பணி. கத்தி பிடிக்கப் புதிதாகப் பழகுபவர் ஒவ்வொரு வெட்டையும் எண்ணி எண்ணிச் செய்கிறார், மரம் காயப்படுகிறது. சில மாதங்களில் அதே கை தானாகவே ஓடுகிறது. அத்திறமை கையில் சேர்ந்ததாக நாம் சொல்கிறோம். சேர்ந்த இடம் சிறுமூளையும் அதனோடு இணைந்த பகுதிகளுமே.

இத்தனை வேலைக்கும் இடமான மூளை, கட்டித் தயிர்போல் மென்மையானது. தோட்டத்துச் சாலைதானே என்று தலைக்கவசத்தைக் கைப்பிடியில் தொங்கவிட்டு மோட்டார் சைக்கிள் ஓட்டுவோரை நாம் இன்றும் காண்கிறோம். நம் நாட்டில் தலைக்கவசம் 1973லேயே சட்டப்படி கட்டாயமாயிற்று. தார்ச்சாலையில் விழுந்தாலும் செம்மண் பாதையில் விழுந்தாலும் மண்டையோட்டுக்குள் மூளை மோதுவது ஒன்றே.

வலக்கை நழுவினால்

கைக்குச் செல்லும் கட்டளை நரம்புகள் முகுளத்தில் பக்கம் மாறுகின்றன. ஆகையால் இடப்பக்கப் பெருமூளை வலக்கையையும், வலப்பக்கப் பெருமூளை இடக்கையையும் இயக்குகின்றன. பேச்சோ பெரும்பாலோர்க்கு இடப்பக்கத்தில் அமைந்துள்ளது. பிரெஞ்சு மருத்துவர் பால் புரோக்கா 1861இல் இதற்கு வழிகாட்டினார். அவரிடம் வந்த ஒரு நோயாளிக்குப் பிறர் பேசுவது விளங்கும். ஆனால், எதைக் கேட்டாலும் ‘டான்’ என்னும் ஓர் ஒலியே அவர் வாயில் வரும். வலக்கையும் வலக்காலும் செயலற்றிருந்தன. அவர் இறந்தபின் மூளையைப் பார்த்தபோது, இடப்பக்கத்தின் முன்பகுதி பழுதுற்றிருந்தது.

இது பாரிசில் நடந்த பழைய செய்திதானே என்று விட்டுவிடலாகாது. வலக்கையிலிருந்து கத்தி நழுவுவதும் அதே வேளையில் நாக்குக் குழறுவதும், ஒரே இரத்தக்குழாய் அடைபட்டதன் இரு அடையாளங்களாக இருக்கலாம். உடல் எடையில் நூற்றுக்கு 2 பங்கே உள்ள மூளை, உடல் பெறும் பிராணவாயுவில் நூற்றுக்கு 20 பங்கைச் செலவிடுகிறது. சேமித்து வைத்துக்கொள்ளவும் அதற்கு இயலாது. பெரிய குழாய் ஒன்று அடைபட்டால், நிமிடத்திற்கு ஏறத்தாழ 19 இலட்சம் நரம்பணுக்கள் மடிகின்றன என்று 2006இல் வெளிவந்த ஓர் ஆய்வு கணக்கிட்டது. இதையே பாரிசவாதம் அல்லது பக்கவாதம் என்கிறோம்.

இங்கேதான் நம்மவர் பொன்னான நேரத்தை இழக்கிறார்கள். பேச்சுக் குழறித் தள்ளாடுபவரைக் கள் மயக்கம் என்று எண்ணிப் படுக்கவைத்துவிடுகிறார்கள். எண்ணெய் தடவி நீவுகிறார்கள். விரல்நுனியை ஊசியால் குத்திக் குருதி எடுக்கிறார்கள். பொழுது விடியட்டும் என்கிறார்கள். நோய் கையில் இல்லை, மண்டைக்குள் இருக்கிறது. கையை நீவி அதனைத் தீர்க்க முடியாது.

ஐயம் எழுந்தால் அவரைச் சிரிக்கச் சொல்லுங்கள். வாய் ஒருபுறம் கோணுகிறதா? இரு கைகளையும் முன்னே நீட்டச் சொல்லுங்கள், ஒன்று தாழ்கிறதா? எளிய வாக்கியம் ஒன்றைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள், சொல் குழறுகிறதா? இவற்றுள் ஒன்று திடீரெனத் தோன்றியிருந்தாலும் உடனே 999ஐ அழைக்க வேண்டும். அவர் கடைசியாக நலமாகக் காணப்பட்ட நேரம் எது என்பதைக் குறித்துக்கொண்டு மருத்துவரிடம் கூறுதல் மிக முக்கியம். ஏனெனில் அடைப்பைக் கரைக்கும் ஊசிமருந்தை, நோய் தொடங்கி நாலரை மணி நேரத்திற்குள்ளாகவே பொதுவாகச் செலுத்துவர். பக்கவாதம் எல்லாம் அடைப்பினால் வருவதுமில்லை. குழாய் வெடித்து இரத்தம் கசிவதாலும் வரும். அப்போது அதே ஊசி உயிருக்கே தீங்காகும். எது என்பதைத் தலையை ஸ்கேன் எடுத்துப் பார்த்தே அறிய முடியும். ஆதலால் வீட்டில் ஆஸ்பிரின் கொடுக்கலாகாது. விழுங்கும் தசையும் செயலிழந்திருக்கக்கூடுமாதலால் காப்பியோ தண்ணீரோ புகட்டலாகாது. அது நுரையீரலுக்குள் போய்விடும். நினைவிழந்தவரை ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டும்.

சிலருக்குக் கை மரத்துப்போய்ப் பத்து நிமிடத்தில் சரியாகிவிடும். மரத்தடியில் சற்று உட்கார்ந்துவிட்டு மறுபடி வெட்டப் போய்விடுவார்கள். சரியாகிவிட்டதே என்று நாம் மகிழ்வதற்கில்லை. அடுத்த சில நாட்களுக்குள் பெரிய அடைப்பு வரக்கூடும் என்பதற்கு அதுவே முன்னறிவிப்பாகலாம். அன்றே மருத்துவரைக் காணவேண்டும்.

இந்நோயின் முதற்காரணம் இரத்தக் கொதிப்பு. அது வலி தராது. தலை சுற்றவேண்டும் என்பதுமில்லை. அரசாங்கச் சுகாதார கிளினிக்குகளில் சில நிமிடங்களில் அளந்து பார்க்கலாம். பல முறை அளந்தும் 140க்கு 90 அல்லது அதற்கு மேல் இருந்தால் மருத்துவ ஆலோசனை தேவை. மாத்திரை தரப்பட்டவர்கள், உடம்பு நன்றாயிருக்கிறது என்று தாமாகவே அதை நிறுத்துவது வழக்கமாக இருக்கிறது. உடம்பு நன்றாயிருப்பது அந்த மாத்திரையால்தான். நீரிழிவும் புகைபிடித்தலும் ஆபத்தை மேலும் கூட்டுகின்றன.

நோய் கண்டபின் கை முழுவதும் திரும்புமா என்று உறவினர் கேட்பர். மடிந்த நரம்பணுக்கள் மீளா. ஆயினும் அருகிலுள்ள நரம்பணுக்கள் புதிய இணைப்புகளை உண்டாக்கி, இழந்த வேலையில் ஒரு பகுதியை ஏற்கின்றன. அதற்குக் கை மீண்டும் மீண்டும் பயிற்சி பெறவேண்டும். வேகமான முன்னேற்றம் முதல் சில மாதங்களில்தான். ஆகவே பிசியோதெரப்பி சிகிச்சைக்குக் குறித்த நாளைத் தவறவிடலாகாது. சொக்சோ சந்தா செலுத்தி வந்த தொழிலாளர், வேலை செய்ய இயலாத நிலைக்கு வந்தால், சந்தா முதலிய விதிகள் பொருந்துமாயின் இயலாமை ஓய்வூதியத்திற்கு விண்ணப்பிக்கலாம். மீண்டும் வேலைக்குத் திரும்பக் கூடியவர்களுக்குப் பயிற்சியளிக்க, 2014இல் அந்நிறுவனம் மலாக்காவில் ஒரு மறுவாழ்வு நிலையத்தைத் திறந்தது. மருத்துவ அறிக்கைகளைப் பத்திரமாக வைத்திருந்து, தோட்ட அலுவலகக் கிராணியிடமோ தொழிற்சங்கப் பொறுப்பாளரிடமோ காட்டி, விண்ணப்பத் தாளை நிரப்ப உதவி கேட்கலாம்.