குத்துக்கல்லும் வலசையும்

தென்காசி நகரை ஒட்டி அமைந்த ஊர் குத்துக்கல்வலசை. குற்றாலத்தில் சாரல் பொழியும் நாள்களில் அவ்வூர்த் தெருக்களிலும் குளிர்காற்று உலவும். ஊர்ப்பெயரைப் பிரித்துப் பொருள் காண்பார்க்கு அதனுள் ஒரு பாடம் அமைந்திருப்பது விளங்கும். நிலத்தில் நட்டு நிறுத்திய கல் குத்துக்கல் எனப்படும். அது இடம் பெயராது. வலசை என்பது ஓரிடம் விட்டு மற்றோரிடம் செல்லுதல். அவ்வாறு பெயர்ந்து வந்தோர் தங்கிய குடியிருப்பையும் அச்சொல் குறிக்கும். பறவைகள் வலசை போகின்றன என்பது இன்றும் வழக்கில் உள்ளது. நிலைத்து நிற்பது ஒன்று; பெயர்ந்து செல்வது ஒன்று. இரண்டும் ஒரே பெயரில் கூடியுள்ளன.

மனித வாழ்வும் இவ்விரண்டின் கூட்டே. உடல் ஓரிடத்தில் இருக்கும். மனம் வலசை போகும். மனம் அலைவது இக்காலத்துப் புதுமை அன்று. மனத்தைக் குரங்கு என்று முன்னோர் உவமித்தனர். ஆயினும், அவர்கள் காலத்தில் அம்மனம் ஓடுவதற்குத் தானே வழி தேட வேண்டியிருந்தது. இன்றோ, உள்ளங்கை அளவான கைப்பேசி நொடிதோறும் ஒரு வழியைத் திறந்து வைத்து அதனை அழைக்கிறது. இதனால் அருகில் இருப்போர்க்கு நேரும் குறை யாது, ஆண்டவன் திருமுன் நேரும் குறை யாது, அதற்குத் தீர்வு யாது என்பன சிந்திக்கத் தக்கன.

இல்லத்தில் ஒரு குத்துக்கல்

மாலை விளக்கு ஏற்றிய வேளை. இவ்வட்டாரத்து இல்லம் ஒன்றின் கூடத்தில் ஆச்சி ஒருத்தி அமர்ந்திருப்பதாக எண்ணிப் பார்க்கலாம். இளைய மகனும் மருமகளும் பேரனும் உடன் இருக்கின்றனர். மூவர் கையிலும் கைப்பேசி. "ரெண்டு நாளா சோறே இறங்கல" என்கிறாள் ஆச்சி. "ம்" என்கிறான் மகன். சொல் செவியில் விழுந்தது; மனத்தில் விழவில்லை. சற்றுப் பொறுத்து அவளே, "நான் ஒருத்தி இங்க குத்துக்கல்லாட்டம் இருக்கேம்லா" என்று சொல்லிச் சிரித்துக் கொள்கிறாள். சிரிப்பாகச் சொன்னமையால் அதுவும் எவர் மனத்தையும் தொடவில்லை.

அன்றிரவு வளைகுடா நாட்டில் பணியாற்றும் மூத்த மகன் கைப்பேசியில் அழைக்கிறான். திரையில் தாயின் முகம் தோன்றியதும், "ஏம்மா, முகமெல்லாம் வாடிக் கிடக்கு? ஒழுங்காச் சாப்பிடுதியா இல்லையா?" என்று கேட்கிறான். அதன் பின்னரே வீட்டில் இருந்தோர் அவள் முகத்தை ஏறிட்டுப் பார்க்கின்றனர். மறுநாள் காலையில் மருத்துவரிடம் அழைத்துச் செல்கின்றனர்.

இதில் உணரத்தக்க உண்மை ஒன்று உண்டு. கடல் கடந்து இருந்தவன் கண்டுகொண்டான். கைக்கெட்டும் தொலைவில் இருந்தோர் காணவில்லை. அவன் கண்டதும் கைப்பேசி வழியாகவே. இவர்கள் காணாது போனதும் கைப்பேசியாலேயே. ஆதலின் கருவியை மட்டும் பழிப்பதில் பயனில்லை. தொலைவில் உள்ளார்க்கு அது பாலம். அருகில் உள்ளார்க்கு அதுவே சுவர். பாலத்தைப் பாலமாகக் கொண்டு, சுவராகும் வேளையில் அதனை அகற்றி வைப்பதே அறிவுடைமை.

அனிச்சப்பூ மோந்தால்தான் குழையும் என்றும், விருந்தினரோ வரவேற்பவர் முகம் மாறிய அளவிலேயே வாடிவிடுவர் என்றும் திருவள்ளுவர் உணர்த்தினார். ஒரு வேளை வந்து செல்லும் விருந்தினர்க்கே அந்நிலை என்றால், ஒரே கூரையின் கீழ் நாள்முழுதும் வாழும் பெற்றோரும் குழந்தைகளும் முகம் காணாத வாட்டத்தை எவ்வாறு பொறுப்பர்?

கருவறையில் ஒரு கல்

இல்லத்தில் நேரும் இக்குறை கோயிலிலும் நேர்கிறது. தென்காசி அருள்மிகு காசி விசுவநாதர் திருக்கோயில் 1446ஆம் ஆண்டில் பராக்கிரம பாண்டிய மன்னனால் தொடங்கப்பெற்றது. காசிக்குச் செல்ல விழைந்த மன்னன் கனவில் இறைவன் தோன்றி, எறும்புகள் ஊர்ந்து செல்லும் வழியே சென்று அவ்வழி முடியும் இடத்தில் கோயில் எடுக்குமாறு பணித்தான் என்பது தல வரலாறு. எறும்பின் வழியை விடாது பின்பற்ற வேண்டுமானால் குனிந்த தலையும் மெல்லிய நடையும் வேண்டும்; கண் பிறிதொன்றில் செல்லலாகாது. நாடாளும் மன்னன் அவ்வாறு நடந்து கண்ட இடம் இத்தலம் என்று மரபு போற்றுகிறது. தனக்குப் பின் இக்கோயிலைப் பேணிக் காப்போரை நிலமிசை வீழ்ந்து வணங்குவதாக அம்மன்னன் கல்வெட்டில் பொறித்து வைத்தான். மதிலையும் கோபுரத்தையும் காப்பது மட்டும் அக்காவல் ஆகாது. கோயிலின் அமைதியைக் காப்பதும் அதில் அடங்கும்.

ஏறத்தாழ 180 அடி உயர்ந்த அவ்விராசகோபுர வாயிலில் நுழைவோரைக் காற்று தழுவுவது பலரும் அறிந்த அனுபவம். கோபுரத்தைப் படம் எடுக்கலாம். அக்காற்றைப் படம் எடுக்க இயலாது. நின்று உணர்ந்தார்க்கே அது கிட்டும். இறையருளும் அத்தகையது.

கருவறையில் இறைவன் கல் வடிவாகவே எழுந்தருளியுள்ளான். அடியார் வரும்வரை காத்திருக்கிறான். அடியார் உடலால் வந்து மனத்தால் வாராது போயினும் காத்திருக்கிறான். கூடத்தில் அமர்ந்த ஆச்சியும் கருவறையில் அமர்ந்த ஆண்டவனும் ஒரு வகையில் ஒரு நிலையினரே. இருவரும் வேண்டுவது பொருளை அன்று. ஏறிட்டு நோக்கும் ஒரு பார்வையை.

சிவாலயத்தில் சுவாமிக்கும் நந்திக்கும் இடையே குறுக்கே செல்லலாகாது என்று பெரியோர் குழந்தைகளுக்குக் கற்பிப்பர். நந்தியெம்பெருமான் கண்ணிமையாது இறைவனை நோக்கியிருப்பவர்; அந்நோக்கினை மறைத்தல் பிழை என்பது அதன் கருத்து. தீபாராதனை வேளையில் கண்ணுக்கும் கடவுளுக்கும் இடையே கைப்பேசியை உயர்த்துவோர், தம் நோக்கிற்குத் தாமே குறுக்கே நிற்கின்றனர். பின்னால் நிற்கும் அடியாரின் நோக்கிற்கும் குறுக்கே நிற்கின்றனர். தரிசனம் என்னும் சொல்லுக்குக் காண்டல் என்பதே பொருள். படம் கைப்பேசியில் ஏறலாம். காட்சி நெஞ்சில் ஏறாது. மேலும், கைகூப்பி வணங்க இரண்டு கையும் வேண்டும். ஒரு கை கருவியைப் பற்றியிருக்க மற்றொரு கை மட்டும் வணங்குதல் அரை வணக்கம் ஆகும்.

நீதிமன்றத்தின் ஆணை

இக்குறையை நீக்க அண்மைக் காலத்தில் முயற்சிகள் மேற்கொள்ளப்பட்டன. மதுரை அருள்மிகு மீனாட்சி சுந்தரேசுவரர் திருக்கோயிலில் 2018 மார்ச்சு முதல் அன்பர்கள் கைப்பேசி கொண்டு செல்வது தடை செய்யப்பட்டது. திருச்செந்தூர் அருள்மிகு சுப்பிரமணிய சுவாமி திருக்கோயிலில் 2022 நவம்பரில் தடை நடைமுறைக்கு வந்தது. அவ்வழக்கினை விசாரித்த சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, 2022 டிசம்பரில், கோயில்களின் தூய்மையையும் புனிதத்தையும் காக்கும் பொருட்டுத் தமிழகத் திருக்கோயில்கள் அனைத்திலும் கைப்பேசியைத் தடை செய்யுமாறு அறநிலையத்துறைக்கு ஆணையிட்டது. பழநி மலைக்கோயிலில் 2023 அக்டோபர் 1 முதல் தடை நடைமுறைக்கு வந்தது. இத்தகைய கோயில்களில் கைப்பேசிகளை வாங்கி வைத்து, அடையாள வில்லை தந்து, திரும்பும்போது ஒப்படைக்கும் ஏற்பாடுகளும் செய்யப்பட்டன.

சட்டம் கையை வெறுமையாக்கும். அவ்வெறுங்கையைக் கூப்புவது அடியாரின் செயல். கைப்பேசியைக் காப்பறையில் வைத்துவிட்டு, வரிசையில் நிற்கும்போது அதனையே எண்ணிக் கொண்டிருப்பின் மனம் இன்னும் கோயிலுக்கு வெளியேதான் நிற்கிறது. ஆதலின் கைப்பேசியோடு அதன் எண்ணத்தையும் அங்கேயே ஒப்படைத்துவிட்டு உட்செல்லுதல் வேண்டும்.

மனத்தில் எழுந்த கோயில்

மனம் ஓரிடத்தில் நிற்பதன் ஆற்றலைப் பூசலார் நாயனார் வரலாறு காட்டும். திருநின்றவூரில் வாழ்ந்த அவர்க்குக் கோயில் எழுப்பப் பொருள் கிட்டவில்லை. ஆகவே மனத்திலேயே கல்லும் மரமும் சேர்த்து, நாள் பார்த்து, அடிநிலை இட்டு, சிகரம் வரை கட்டி முடித்தார். அதே காலத்தில் காஞ்சியில் பல்லவ மன்னன் பெருங்கற்றளி எடுத்தான். இரண்டிற்கும் குடமுழுக்கு ஒரே நாளில் அமைந்தது. இறைவன் மன்னன் கனவில் தோன்றி, அந்நாளில் தான் பூசலார் கோயிலில் புகவிருப்பதாகவும், மன்னன் வேறு நாள் கொள்ளுமாறும் அருளினான் என்று பெரியபுராணம் கூறும்.

பூசலார் கோயிலை ஊரார் ஒருவரும் கண்டதில்லை, பாராட்டியதும் இல்லை. எவர்க்கும் காட்டாமல் செய்த வழிபாட்டை இறைவன் தானே உலகறியச் செய்தான். வழிபட்டதைப் பிறர்க்குக் காட்டுவதற்காகவே படம் எடுப்போர் இவ்வரலாற்றை ஒருகணம் நினைத்தல் தகும்.

கூடியிருக்கும் இன்பம்

இறைவன் முன் ஒருமைப்படுவது போலவே அன்பர் முன் ஒருமைப்படுவதும் ஓர் அறம். அதற்குச் சான்று குற்றாலத்திலேயே உண்டு. 1930களின் முற்பகுதியில் அறநிலையத்துறை ஆணையராகப் பணியாற்றியவர் இரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியார். திருநெல்வேலியில் அவர் இல்லத்தில் கூடிய வட்டத்தொட்டி என்னும் அன்பர் அவை தமிழுலகம் அறிந்தது. பின்னர் அவர் குற்றாலத்தில் வாழ்ந்தார். இராஜாஜி, கல்கி முதலியோர் அவர்க்கு நெருங்கிய நண்பர்கள். ஒரு பாடலை எடுத்துக்கொண்டால் நின்று நிதானித்துச் சுவைப்பதும், வந்தவரை முகமலர்ந்து விருந்தோம்புவதும் அவர் இயல்பு. 1954இல் அவர் மறைந்தார். தொலைவில் இருந்த நண்பர்க்குக் கடிதம் எழுதுவதிலும் அவர் வல்லவர். அக்கடிதங்கள் பின்னர் நூலாகவும் வெளிவந்தன. தொலைவில் உள்ளார்க்குக் கடிதம், அருகில் வந்தார்க்கு முகம் என்று இரண்டையும் உரிய இடத்தில் வைத்துப் போற்றிய வாழ்வு அது.

ஒரு நாழிகை நோன்பு

இக்காலத்திலும் ஓர் ஊர் முழுதும் சேர்ந்து இதனைச் செய்து காட்டியதுண்டு. மகாராட்டிர மாநிலம் சாங்கலி மாவட்டத்தில் மோகித்யாஞ்சே வட்காவ் என்றோர் ஊர் உள்ளது. பெருந்தொற்றுக் காலத்தில் கைப்பேசி வழியே பாடம் பயின்ற சிறுவர்கள், பள்ளி திறந்த பின்னும் அதனை விட இயலாது தவித்தனர். அதனைக் கண்ட ஊரார் 2022 ஆகஸ்டில் ஒரு முடிவெடுத்தனர். நாள்தோறும் இரவு 7 மணிக்கு ஊர்க் கோயிலிலிருந்து சைரன் ஒலிக்கும். உடனே இல்லந்தோறும் தொலைக்காட்சியும் கைப்பேசியும் நிறுத்தப்படும். 8.30 மணிக்கு மீண்டும் சைரன் ஒலிக்கும்வரை பிள்ளைகள் படிப்பர். வீட்டார் ஒருவரோடொருவர் உரையாடுவர். கோயிலின் ஒலி இல்லத்தை ஒழுங்கு செய்தது என்பதே அதன் சிறப்பு.

தமிழகத்திற்கும் இது புதிதன்று. கோயிலில் சாயரட்சை மணி ஒலிக்க, இல்லத்தில் விளக்கேற்றி வீட்டார் கூடுவது நெடுநாள் வழக்கம். அவ்வழக்கத்தை மீட்டால் போதும். நாள் ஒன்றுக்கு 60 நாழிகை. ஒரு நாழிகைக்கு 24 நிமிடம். அறுபதில் ஒன்றை அன்புக்கும் அருளுக்கும் ஒதுக்குதல் எவர்க்கும் அரிதன்று. அதற்கான முறை வருமாறு:

விளக்கேற்றும் வேளையில் வீட்டிலுள்ள கைப்பேசிகளை எல்லாம் ஓரிடத்தில் வைத்தல் வேண்டும். முதலில் சில நிமிடம் அனைவரும் விளக்கின் முன் அமர்ந்து, தெரிந்த ஒரு பதிகத்தையோ திருநாமத்தையோ வாயாரச் சொல்லுதல் வேண்டும். எஞ்சிய பொழுதில் வீட்டின் மூத்தவரிடமும் இளையவரிடமும் அன்றைய நலத்தைக் கேட்டறிதல் வேண்டும். கேட்கும்போது முகம் நோக்கிக் கேட்டல் வேண்டும். வெளியூரில் உள்ள உறவினரை அழைப்பதாயின் அந்நாழிகை கழிந்தபின் அழைத்து, அவரிடமும் அதே ஒருமையோடு பேசுதல் வேண்டும். பெரியோர் முதலில் கடைப்பிடித்தால் சிறியோர் தாமே பின்பற்றுவர். பிள்ளைகளை விலக்கிவிட்டுத் தாம் பார்த்துக் கொண்டிருக்கும் பெற்றோர் சொல் ஏறாது.

திருக்கோயிலுக்கு வந்த அன்பர் வழிபாடு முடிந்து வாயிலில் கைப்பேசியைத் திரும்பப் பெறும்போது, அதனை உடனே திறவாமல் இல்லம் வரை வைத்திருந்து பார்க்கலாம். இறைவன் முன் கூடிய மன ஒருமை வழியில் சிதறாமல் வீடுவரை வந்து சேரும். அங்கே கூடத்தில் ஒரு முகம் காத்திருக்கும். அம்முகத்தை நோக்கி, "கோயிலுக்குப் போய் வந்தேன்" என்று திருநீற்றைத் தருபவர்க்கு அத்திருநீறு இருமுறை பயன் தரும்.

வலசை போகும் மனம் சிறுபொழுதேனும் குத்துக்கல்லாய் நிற்குமாயின், குத்துக்கல்லாய்க் காத்திருக்கும் உயிர்களின் ஏக்கம் தீரும். ஆங்கே திருவருளும் தானே கைகூடும்.