சென்னை விமான நிலையத்தில் இறங்கியதும்…

1. கையில் ஒரே பெட்டியா? மெட்ரோவில் ஏறுங்கள். நீலத் தடம் நேராக சென்ட்ரல் போகும். கிண்டி, சைதாப்பேட்டை நெரிசலில் சிக்க மாட்டீர்கள். கோயம்பேடு போகிறவர்கள் ஆலந்தூரில் மாறுங்கள்.

2. எழும்பூரில் ரயில் பிடிக்க வேண்டுமா? ஜி.எஸ்.டி. சாலைக்கு அந்தப் பக்கம் திரிசூலம் நிலையம். அங்கே கடற்கரை செல்லும் மின்சார ரயிலில் ஏறுங்கள். எழும்பூரிலேயே இறங்கலாம், கட்டணமும் மிகக் குறைவு. காலை அலுவலக நேரத்தில் மட்டும் வேண்டாம், பெட்டியோடு ஏறவே முடியாது.

3. நள்ளிரவில் மெட்ரோ ஓடாது. முதியவர்கள், கைக்குழந்தை உடன் இருந்தால் எந்நேரமும் ப்ரீபெய்டு டாக்சியே நல்லது. ரசீதை கவுன்ட்டரிலேயே வாங்குங்கள், வெளியே பேரம் பேச வேண்டியிருக்காது.

4. தென்மாவட்ட பஸ்ஸுக்கு நகருக்குள் போகாதீர்கள். அந்த பஸ்கள் புறப்படும் கிளாம்பாக்கம் பஸ் நிலையம் எதிர்த்திசையில், தாம்பரம் தாண்டி இருக்கிறது.