பழைய காருக்குப் புது வேகம்: முதல் ரூபாய் எதற்கு?

வீட்டுக் கொட்டகையில் ஒரு பழைய அம்பாசடர் கார் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். கையில் இருப்பதோ சிறு தொகை. அந்தக் காரை இன்னும் சுறுசுறுப்பாக ஓடச் செய்ய வேண்டும். முதல் ரூபாயை எதற்குச் செலவிடுவீர்கள்? வகுப்பில் இப்படிக் கேட்டால், "பெரிய எஞ்சின் போடலாம், சார்" என்ற பதில்தான் முதலில் வரும். அது சரிதானா என்று இயற்பியலைக் கேட்டுப் பார்ப்போம்.

அமெரிக்கர் கண்ட வழி

1960-களில் அமெரிக்கக் கார்த் தொழிலும் இதே பதிலைத்தான் சொன்னது. 1964 மாடலாக வந்த பாண்டியாக் ஜி.டி.ஓ. என்ற நடுத்தர அளவுக் காருக்குள், பெரிய கார்களுக்கு உரிய 6.4 லிட்டர் எஞ்சினை வைத்தார்கள். அதன் திறன் 325 குதிரைத்திறன்! இத்தகைய கார்களுக்கு 'மசில் கார்', அதாவது தசைபலம் மிக்க கார் என்று பெயர் வந்தது. ஆனால், அவ்வளவு பலத்தையும் அடக்கி நிறுத்த நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக்குகளே இருந்தன. இன்று அக்கார்களை வாங்கிச் சிக்கனமாகச் செப்பனிடுவோர் பலர், முன் சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் பொருத்துவதை முதல் வேலைகளில் ஒன்றாக வைத்துக்கொள்கிறார்கள். ஏன் அப்படி? முதலில் எஞ்சினைப் பார்த்துவிட்டு அந்தக் கேள்விக்கு வருவோம்.

வாணமும் எஞ்சினும்

சிவகாசியை அடுத்த எங்கள் விஸ்வநத்தத்தில் பட்டாசு பற்றித் தெரியாத பிள்ளை இல்லை. மேலே சீறிச் செல்லும் ஒரு வாணத்தை எண்ணிப் பாருங்கள். எரியும் பொருள் அதற்குள்ளேயே இருக்கிறது. எரிவதற்கு வேண்டிய ஆக்சிஜனும் வெடியுப்பின் வடிவில் அதற்குள்ளேயே இருக்கிறது. அதற்கு வெளிக்காற்று தேவையில்லை.

கார் எஞ்சின் அப்படியல்ல. அது எரிபொருளை மட்டுமே சுமந்து செல்கிறது. ஆக்சிஜனை வழி நெடுகக் காற்றிலிருந்து இழுத்துக்கொள்கிறது. 1 கிலோகிராம் பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 15 கிலோகிராம் காற்று வேண்டும். 1 லிட்டர் பெட்ரோலின் நிறை சுமார் 740 கிராம். ஆகவே அதற்கு வேண்டிய காற்று சுமார் 11 கிலோகிராம். கன அளவில் சொன்னால் 9,000 லிட்டருக்கும் மேல்! கூடுதல் பெட்ரோலை ஊற்றுவது எளிது. கூடுதல் காற்றை உள்ளே நுழைப்பதுதான் கடினம். எஞ்சினைப் பெரிதாக்கினால் ஒவ்வொரு மூச்சும் பெரிதாகும். அமெரிக்கர் செய்தது அதைத்தான்.

ஒரே எஞ்சின், இரண்டு திறன்கள்

எஞ்சினைப் பெரிதாக்காமல் திறனைக் கூட்ட முடியாதா? முடியும். அதற்கு அம்பாசடரே சான்று.

இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரை முன்மாதிரியாகக் கொண்ட அம்பாசடர், 1950-களின் இறுதியிலிருந்து 2014 வரை கொல்கத்தாவை அடுத்த உத்தர்பாராவில் தயாரிக்கப்பட்டது. நெடுங்காலம் அதிலிருந்த 1,489 சி.சி. எஞ்சினின் திறன் சுமார் 50 குதிரைத்திறன். அதே குடும்பத்தைச் சேர்ந்த, அதே 1,489 சி.சி. எஞ்சினைக் கொண்டு 1955-ல் எம்.ஜி.ஏ. என்ற பந்தயப் பாணிக் கார் இங்கிலாந்தில் வெளிவந்தது. அதன் திறனோ சுமார் 70 குதிரைத்திறன்! இந்த 20 குதிரைகள் எங்கிருந்து வந்தன?

எம்.ஜி.ஏ.வில் இரண்டு கார்புரேட்டர்கள் இருந்தன. ஆகையால் அதிக வேகத்தில் சுழலும்போதும் அதற்கு மூச்சு முட்டவில்லை. அம்பாசடர் தன் உச்சத் திறனை நிமிடத்திற்குச் சுமார் 4,200 சுற்றுகளில் எட்டுகிறது, எம்.ஜி.ஏ. சுமார் 5,500 சுற்றுகளில் எட்டுகிறது. நான்கு வீச்சு எஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒரு முறை தன் முழுக் கொள்ளளவுக் காற்றை இழுக்கும். எனவே முன்னது நிமிடத்திற்கு அதிக அளவாக 3,127 லிட்டரும், பின்னது 4,095 லிட்டரும் காற்றை இழுக்க முடியும். இது 31 சதவீதம் கூடுதல்.

அடுத்து, இறுக்க விகிதம். அதை 7.2-லிருந்து 8.3-ஆக உயர்த்தினால், பாடநூலில் உள்ள ஆட்டோ சுழற்சிச் சூத்திரப்படி பயனுறுதிறன் 54.6 சதவீதத்திலிருந்து 57.1 சதவீதமாகிறது. அதாவது, முன்பைவிட ஏறக்குறைய 5 சதவீதம்தான் ஆதாயம். இப்போது பெருக்கிப் பாருங்கள்: 50 × 1.31 × 1.05 = சுமார் 69. கணக்கு ஏறக்குறைய நேராகிவிட்டதல்லவா? இதில் பெரும்பங்கு மூச்சினுடையது, சிறுபங்கே இறுக்கத்தினுடையது.

வேகத்தின் விலை

இனி, முன்பு எழுப்பிய கேள்விக்கு வருவோம். ஆட்களுடன் சேர்த்து 1,400 கிலோகிராம் நிறையுள்ள கார் மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் செல்லும்போது அதன் இயக்க ஆற்றல் சுமார் 1,94,000 ஜூல். 90 கி.மீ. வேகத்தில் அது 4,37,500 ஜூல் ஆகிவிடும். வேகம் ஒன்றரை மடங்கு; ஆற்றலோ இரண்டேகால் மடங்கு! இந்த ஆற்றல் முழுவதையும் பிரேக்குகள் வெப்பமாக மாற்றியாக வேண்டும். ஒன்றரை லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து கொதிக்க வைக்கப் போதுமான வெப்பம் அது. மூடிய டிரம்முக்குள் அவ்வெப்பம் எளிதில் தணியாது. அடுத்தடுத்துப் பிரேக் அழுத்தினால் சூடேறிப் பிடிமானம் தளரும்.

நொடிக்கு நொடி 5 மீட்டர் வீதம் வேகம் குறைவதாகக் கொண்டால், 60 கி.மீ. வேகத்தில் செல்லும் கார் நிற்க 28 மீட்டர் போதும். 90 கி.மீ. வேகத்தில் 62.5 மீட்டர் வேண்டும். ஓட்டுநர் காலைத் தூக்கிப் பிரேக்கில் வைப்பதற்குள் ஓடும் தூரம் இதில் சேரவில்லை. சாலையைக் கடக்கும் ஒரு சிறுவனுக்கு இந்த வேறுபாடு உயிர்ப் பிரச்சினை.

காற்றின் தடையும் சேர்ந்துகொள்கிறது. தடையை வெல்லத் தேவையான திறன் வேகத்தின் மும்மடிக்கு நேர்விகிதத்தில் உயரும். 90-லிருந்து 108 கி.மீ. வேகத்திற்குப் போக, காற்றுத் தடைக்கென்று மட்டும் 73 சதவீதம் கூடுதல் திறன் வேண்டும். உச்ச வேகத்தைத் துரத்துவது ஏழைக்கு ஏற்ற செலவன்று!

எடையைக் குறைத்த கோவைக்காரர்

விசை மாறாதபோது நிறை குறைந்தால் முடுக்கம் கூடும் என்பது நியூட்டனின் இரண்டாம் விதி. கோவையைச் சேர்ந்த பந்தய வீரரும் வடிவமைப்பாளருமான எஸ். கரிவரதன் இவ்விதியை நன்கு பயன்படுத்தினார். மாருதி 800 காரின் சிறிய எஞ்சினை இலேசான உடலில் பொருத்தி, 1980-களின் இறுதியில் 'ஃபார்முலா மாருதி' பந்தயக் காரை உருவாக்கினார். குறைந்த செலவில் பல இளைஞர்கள் பந்தயம் பழக அது வழி செய்தது. கோவையை அடுத்த செட்டிப்பாளையத்தில் உள்ள பந்தயத் தடம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

செலவின் வரிசை

1. நலம்: பிளக், பாயின்ட், கார்புரேட்டர், ஏர் ஃபில்டர், வால்வு இடைவெளி ஆகியவற்றைச் சீர்செய்தல். இழந்த திறனை மீட்பதே மலிவான ஆதாயம்.

2. நிறுத்தம்: பிரேக் லைனிங், பிரேக் ஆயில், நல்ல டயர்கள்.

3. சுமை: வேண்டாத கேரியரையும் சாமான்களையும் இறக்குதல். இதற்குச் செலவே இல்லை.

4. மூச்சு: காற்று நுழையும் வழியையும் புகை வெளியேறும் வழியையும் தாராளமாக்குதல்.

5. இறுக்க விகிதமும் பெரிய எஞ்சினும்: கடைசியில். இறுக்கம் மிகுந்தால் பெட்ரோல் தானாகவே தீப்பற்றி எஞ்சின் 'தட்ட'த் தொடங்கும், பிஸ்டன் கெடும்.

மற்றொன்றையும் நினைவில் வையுங்கள். பதிவுச் சான்றில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றியமைக்க 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் இடம் தரவில்லை. எஞ்சினை மாற்ற முன் அனுமதி வேண்டும். வேகத்தைச் சோதிக்கும் இடமும் ஊர்ச் சாலை அன்று. முன்பு சோழவரத்தின் பழைய விமான ஓடுபாதையில், திருத்தியமைத்த அம்பாசடர்களும் ஃபியட்களும் ஹெரால்டுகளும் பந்தயம் ஓடின. 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் அதற்கெனவே தனித் தடம் அமைந்தது.

கணக்கிட்டுப் பாருங்கள்

அ) 1,400 கிலோகிராம் காரிலிருந்து 70 கிலோகிராம் இறக்கினால் முடுக்கம் எத்தனை சதவீதம் கூடும்?

ஆ) வேகம் 60-லிருந்து 80 கி.மீ. ஆனால் நிற்கும் தூரம் எத்தனை மடங்காகும்?

இ) 1,800 சி.சி. நான்கு வீச்சு எஞ்சின் 4,000 சுற்றுகளில் நிமிடத்திற்கு அதிக அளவாக எத்தனை லிட்டர் காற்றை இழுக்கும்?

விடைகள்: அ) சுமார் 5.3, ஆ) சுமார் 1.78, இ) 3,600.