செஞ்சி மலை வண்ணத் திட்டுகளாக வருகிறதே!

கேள்வி: செஞ்சியிலிருந்து திருவண்ணாமலைக்குத் தினமும் பேருந்தில் வேலைக்குப் போய் வருகிறேன். வழியில் பார்த்ததை ஞாயிற்றுக்கிழமைகளில் வரைவேன். முன்பெல்லாம் ராஜகிரி மலையைக் கோட்டை மதிலோடு அப்படியே வரைந்துவிடுவேன். சில மாதங்களாக எப்படி வரைந்தாலும் சாம்பலும் காவியுமாகத் திட்டுகள்தான் வருகின்றன. "வரையத் தெரியாதவர்கள் செய்யும் வேலை இது" என்கிறார் அண்ணன். என் கை கெட்டுப்போய்விட்டதா? ஓவியக் கல்லூரியில் படிக்காத நான் இப்படி வரையலாமா?
— ம. செ., செஞ்சி

பதில்: கை கெடவில்லை அம்மா, பயப்படாதீர்கள். நீங்கள் அனுப்பியிருந்த பழைய பென்சில் படத்தில் ராஜகிரியின் சரிவு சரியாக விழுந்திருக்கிறது. புதிய படத்திலும் அதே சரிவு, காவித் திட்டின் ஓரமாக, பிசகாமல் இருக்கிறது. கெட்டுப்போன கைக்கு அது வராது.

நீங்கள் இப்போது வரைவது அரூப ஓவியம் (பொருளின் உருவத்தைக் காட்டாமல் நிறம், கோடு, பரப்பு ஆகியவற்றால் மட்டுமே அமையும் ஓவியம்). உங்களை அதற்குள் இழுத்ததில் பேருந்துக்குப் பெரிய பங்கு உண்டு. அந்தச் சாலை கோட்டைக்கு நடுவிலேயே போகிறது. ஓடும் வண்டியில் கண்ணுக்குக் கல்லும் செடியும் பிடிபடாது. பெரிய திரள்களும் அவற்றின் விளிம்புகளும்தான் தங்கும். ஞாயிறு வரை மனத்தில் கிடந்தபின் அவற்றிலும் பாதிதான் மிஞ்சும்.

உங்கள் மலையும் அப்படிப்பட்டது. செஞ்சிப் பாறைகளை யாரும் கொண்டுவந்து குவிக்கவில்லை. பாறையின் வெடிப்புகளில் மழைநீர் இறங்கி, பல பக்கமும் அரிப்புக்கு உள்ளாகும் மூலைகளை முதலில் உதிர்க்கிறது. நடுப்பகுதி உருண்டையாக நின்றுவிடுகிறது (கோளவடிவச் சிதைவு). உதிர்ந்த மண்ணை மழை அடித்துக்கொண்டு போனபின் எஞ்சியவைதான் அந்த உருண்டைகள். ஏறக்குறைய 800 அடி உயரமுள்ள ராஜகிரியைத் தள்ளி நின்று பார்த்தால் கல் கல்லாகத் தெரியாது, வெயில் பரப்பும் நிழல் பரப்பும்தான் தெரியும். காலையில் ஊர்ப்பக்கச் சரிவில் வெயில் நேரே விழுந்து பாறை வெளுத்திருக்கும். மாலையில் அதே சரிவு கருநீலமாகிவிடும். உங்கள் திட்டுகள் கற்பனையல்ல, அங்கே இருப்பவைதான்.

ராம் குமார் என்ற ஓவியரைப் பற்றி அண்ணனிடம் சொல்லுங்கள். நகரத்து மனிதர்களின் சோக முகங்களை வரைந்து பெயர் பெற்றவர். 1960-ஐ ஒட்டி இன்னோர் ஓவியரான எம். எஃப். ஹுசைனுடன் காசிக்குப் போனார். கூட்டம் நெரியும் அந்தப் படித்துறைகளைப் பார்த்துவிட்டு வந்தவரின் படங்களிலிருந்து மனிதர்கள் மறைந்துபோனார்கள். முதலில் வீடுகளும் ஆறும் மிஞ்சின. பிறகு அவையும் கரைந்து வெறும் பரப்புகளாயின. உருவம் வரையத் தெரியாதவர் என்று அவரை யார் சொல்ல முடியும்?

ஆனால் ஓர் அபாயம் உண்டு, அதை மறைக்க மாட்டேன். திட்டு பழகிவிட்டால் கை மலையைப் பாராமலே திட்டு போடத் தொடங்கும். அப்போது படம் எந்த ஊருக்கும் சொந்தமில்லாமல் போகும். ஆகவே பென்சிலை விட்டுவிடாதீர்கள். வாரம் ஒரு நாளாவது மலையடிவாரத்தில் உட்கார்ந்து, மதில் சரிவில் எங்கே ஏறுகிறது, எங்கே பாறைக்குப் பின்னால் மறைகிறது என்று பார்த்து வரையுங்கள். பேருந்தில் சிறு நோட்டில் நிறக் குறிப்பு மட்டும் எழுதினால் போதும். கைப்பேசிப் படத்தை வைத்து வரைவதைக் கொஞ்ச நாள் நிறுத்துங்கள். அது நீங்கள் மறந்த விவரத்தையெல்லாம் திரும்பக் கொண்டுவந்துவிடும். வண்ணம் தொடுமுன் கறுப்பு, வெள்ளை, சாம்பலில் சிறிதாக ஒரு முறை போட்டு ஒளியளவை (எந்தப் பரப்பு வெளிச்சம், எது இருட்டு என்ற ஏற்றத்தாழ்வை) சரிபாருங்கள். உங்கள் புதிய படத்தில் வானமும் பாறையும் ஒரே அளவு வெளிச்சமாக இருப்பதால்தான் மலை கனமில்லாமல் மிதக்கிறது. குறை அங்கேதான், கையில் இல்லை.

பிரெஞ்சு ஓவியர் செஸான் தன் ஊர்ப்பக்கத்து மலை ஒன்றையே, 1906-இல் இறக்கும்வரை, திரும்பத் திரும்ப வரைந்தார். நீங்களும் இடத்தை மாற்ற வேண்டாம். கோட்டையின் இன்னொரு மலையான சந்திரகிரி அப்புறம் ஆகட்டும்.

படிப்பைப் பற்றிக் கேட்டீர்கள். சென்னையில் வாழ்ந்த அரூப ஓவியர் அச்சுதன் கூடல்லூர் (1945–2022) கட்டடப் பொறியியல் படித்துப் பொதுப்பணித் துறையில் வேலை பார்த்தவர். ஓவியத்தை மாலை நேரங்களில்தான் பழகினார். உங்களுக்கும் ஞாயிற்றுக்கிழமைகள் இருக்கின்றன. அடுத்த படத்தின் பின்புறம் எந்த இடத்திலிருந்து, எத்தனை மணிக்குப் பார்த்தது என்று எழுதி அனுப்புங்கள். ஒளியளவு சரிபார்க்கப் போட்ட சாம்பல் படத்தையும் கூடவே வையுங்கள்.