மாஸ்டரின் கால் எங்கே இருக்கிறது?

அன்புள்ள பாப்பா,

எல்.எல்.ஆர். வந்துவிட்டது என்று உன் அம்மா போனில் சொன்னாள். குரலில் பாதி பெருமை, பாதி பயம். "ஜிஎஸ்டி ரோட்டுல இவ எப்படிண்ணா ஓட்டுவா?" என்றாள். அவளுக்குப் பதில் சொல்லும் முன் உன்னிடம் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது.

டிரைவிங் ஸ்கூல் காரில் பத்து நாளாகப் போய்வருகிறாய். கிளட்ச் பழகிவிட்டது, இப்போதெல்லாம் வண்டி ஆஃப் ஆவதே இல்லை என்கிறாயாம். ஓட்டும்போது மாஸ்டரின் கால் எங்கே இருக்கிறது என்று ஒரு தடவையாவது பார்த்தாயா?

அந்தக் காரில் அவர் பக்கமும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக் உண்டு. அதே இடது பக்கச் சீட்டில் பல வருடம் உட்கார்ந்து தேய்ந்தவன் சொல்கிறேன்: பழகுபவர் ஓட்டுவதில் பாதியை நாங்கள்தான் ஓட்டுவோம். மாடு தலையைத் திருப்பும்போதே எங்கள் கால் பிரேக்குக்குப் போய்விடும். நீ கிளட்சைச் சட்டென்று விட்டால் நாங்கள் பாதி பிடித்துக்கொள்வோம். வண்டி குலுங்காது. 'நல்லா வருது' என்று நீ நினைப்பாய். வெளியே வந்து சொந்த வண்டியை எடுக்கும் முதல் நாள், தெருமுனையில் நாலு தடவை ஆஃப் ஆகும்.

அதனால் நாளைக்கே கேள்: "சார், இன்னிக்குக் காலை எடுத்துடுங்க. வெச்சா வாய்விட்டுச் சொல்லிடுங்க." நல்ல மாஸ்டர் கோபிக்க மாட்டார். இன்னொரு கணக்கும் வைத்துக்கொள். கார் பழகுபவருக்குக் குறைந்தது 21 நாள் பயிற்சி, அதில் 10 மணி நேரமாவது ஸ்டீயரிங் கையில் இருக்க வேண்டும் என்பது 1989-ஆம் வருட மத்திய மோட்டார் வாகன விதி. ஒரே காரில் மூன்று பேரை ஏற்றிக்கொண்டு மாற்றி மாற்றி ஓட்டவிடுவார்கள். பின்சீட்டில் நீ உட்கார்ந்த நேரம் அந்தப் பத்தில் சேராது.

இனி, லைசென்ஸ் தேர்வில் பைக்கில் போட்டுக் காட்ட வேண்டிய எட்டு. கியர் வண்டியில் போடு. ஸ்கூட்டரில் போட்டுக் காட்டினால் லைசென்சில் 'கியர் இல்லாதது' என்றுதான் ஏறும், பிறகு இன்னொரு தடவை அலைய வேண்டும்.

எட்டு ஏதோ சர்க்கஸ் வேலை, ரோட்டில் யார் எட்டு போடுகிறார்கள் என்று உன் தம்பி கிண்டல் செய்வான். அறுபதில் போகும்போது வண்டி தானே நிமிர்ந்து நிற்கும். எட்டு கிலோமீட்டர் வேகத்தில் அதை நிமிர்த்தி வைப்பது நீதான். மதுராந்தகம் கடைவீதியில், பள்ளி விடும் நேரத்தில், லாரிக்கும் தள்ளுவண்டிக்கும் நடுவில் ஊர்ந்து போக வேண்டியபோது கைகொடுப்பது அந்த எட்டுதான். முதல் கியர், ஹாஃப் கிளட்ச், ஆக்சிலேட்டர் ஒரே சீராக, பின் பிரேக்கை லேசாக உரசவிடு. ஹேண்டில்பார் திரும்பியிருக்கையில் முன் பிரேக்கைத் தொட்டாயோ, வண்டி அங்கேயே சாயும். கண்ணை முன் டயரில் வைக்காதே. அடுத்த வளைவு எங்கே தொடங்குகிறதோ அங்கே வை. கண் போன வழியில் வண்டி வரும்.

இதை இவ்வளவு விளக்குவதற்குக் காரணம், நானே முதல் தடவை தோற்றவன். இரண்டாவது வளைவில் டயரையே பார்த்துக்கொண்டு போய்க் காலை ஊன்றிவிட்டேன். பிரேக் இன்ஸ்பெக்டர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை, "அடுத்த வாரம் வாப்பா" என்றார். தவறினால் ஏழு நாள் கழித்துத் திரும்பப் போகலாம். மூன்று தடவை தவறினால்தான் 60 நாள் காத்திருப்பு. எல்.எல்.ஆர். வாங்கி 30 நாள் ஆகாமல் தேர்வுக்கே விடமாட்டார்கள், ஆறு மாதம் தாண்டினால் அது செல்லாது. இடையில் இருக்கிற ஐந்து மாதத்தை அவசரப்பட்டு வீணாக்காதே.

'எட்டே வேண்டாம், நான் பார்த்துக்கிறேன்' என்று புரோக்கர் யாராவது வருவார். அவரும் பக்கத்துச் சீட்டில் இருக்கும் இன்னொரு கால்தான். பிரிட்டனில் 1903-ஆம் வருடச் சட்டப்படி 17 வயதும் ஐந்து ஷில்லிங்கும் இருந்தால் கார் லைசென்ஸ் கையில் கிடைத்தது. சாவுகள் பெருகிய பிறகுதான், 1935 ஜூன் 1 முதல், தேர்வைக் கட்டாயமாக்கினார்கள். அவர்கள் அத்தனை வருடம் பட்டுத் திருந்திய இடத்துக்கு நாம் காசு கொடுத்துத் திரும்பிப் போவானேன்?

(தம்பிக்கு வண்டி கொடுக்காதே. 16 வயதில் ஓட்டலாம் என்று சொல்லித் திரிகிறான். அது 50 சி.சி.க்கு மேற்படாத, கியர் இல்லாத வண்டிக்கு மட்டும். வீட்டில் நிற்பது 110 சி.சி.)

இப்போது உன் அம்மாவின் கேள்விக்கு வருகிறேன். ஜிஎஸ்டி ரோட்டில் 80 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவன் ஒரு வினாடிக்கு 22 மீட்டர் போகிறான். பிரேக் மிதிக்கலாம் என்று அவன் நினைத்து முடிப்பதற்குள் ஒரு பேருந்தின் இரண்டு மடங்கு நீளம் கடந்துவிடும். வேகம் இரட்டித்தால் பிரேக் பிடித்து நிற்கும் தூரம் நாலு மடங்கு. இது எங்கும் உள்ள கணக்கு. நம் ஊர் கருங்குழிக்கென்றே உள்ள ஆபத்துகள் வேறு. அரவைப் பருவத்து இரவில் படாளம் சர்க்கரை ஆலைக்குப் போகும் கரும்பு டிராக்டருக்குப் பின்விளக்கு எரிந்தால் உன் அதிர்ஷ்டம். ஹெட்லைட்டில் அது முதலில் ஒரு புதர் மாதிரிதான் தெரியும். வேடந்தாங்கலில் பறவைகள் இறங்கும் மாதங்களில், சென்னைக்காரர்கள் படாளத்தில் திரும்பும் வழி தேடி நடுரோட்டில் திடீரென வேகம் குறைப்பார்கள். தை மாதத்து விடியற்காலையில் மேல்மருவத்தூருக்கு நடந்துபோகும் செவ்வாடைக்காரர்கள் ஓரமாகத்தான் வருவார்கள், இருட்டில் அந்தச் சிவப்பு கறுப்பாகிவிடும். யு-டர்ன் வரைக்கும் போகச் சோம்பல்பட்டு ராங் சைடில் வருகிற நம் ஊர் ஆட்களைச் சொல்லவே வேண்டாம். நானும் அப்படி வந்திருக்கிறேன், வெட்கத்தோடு சொல்கிறேன்.

இவற்றில் எதையும் பிரேக் இன்ஸ்பெக்டர் உன்னிடம் கேட்க மாட்டார். இவற்றுக்குப் பழகும் வழி ஒன்றிருக்கிறது, பெட்ரோல் செலவுகூடக் கிடையாது. அப்பா காரில் பக்கத்தில் உட்காரும்போது போனைப் பைக்குள் போடு. முன்னால் போகிற ஒவ்வொரு வண்டியும் அடுத்து என்ன செய்யும் என்று வாய்விட்டுச் சொல்: 'அந்த ஆட்டோ இண்டிகேட்டர் போடாம இடது பக்கம் ஒதுங்கும்', 'அந்த பஸ் நிறுத்தத்துக்கு முன்னாடியே நிக்கும்', 'பைக்காரர் திரும்பிப் பார்க்காம குறுக்க வருவார்'. முதல் வாரம் பத்தில் மூன்று சரியாக வரும். பத்தில் எட்டு சரியாக வருகிற நாளில் ஜிஎஸ்டிக்கு வா, அதுவரை உள்ளூர்த் தெருவே போதும்.

பெண்பிள்ளைக்கு எதற்கு என்று கேட்கும் பெரியம்மாக்களுக்கு ஒரே பெயர் வைத்திருக்கிறேன். கன்னியாகுமரி மாவட்டத்து வசந்தகுமாரி 1993-இல் தமிழக அரசுப் பேருந்தின் ஓட்டுநராக வேலைக்குச் சேர்ந்தார். பேருந்து நிறையப் பயணிகள், பக்கத்தில் எந்த மாஸ்டரும் இல்லை.

ஞாயிறு காலை ஆறு மணிக்கு ஊருக்கு வெளியே இருக்கும் அந்த மனைப்பிரிவுக்கு வந்துவிடு. தார் போட்டு, கலர் கல் நட்டு, ஒரு வீடுகூட வராத ரோடு, நம் பக்கத்தில் இதைவிட நல்ல மைதானம் கிடையாது. எல் போர்டு ஒட்டு. செருப்பு வேண்டாம், ஷூ போட்டு வா. நான் பின்னால் உட்கார மாட்டேன். மனைக்கல்லில் உட்கார்ந்து பார்க்கிறேன்.

உன் மாமா,
கருங்குழி