எழுதப்படாத பகுதி: குறுக்குப் பெருக்கல் பற்றிய நம்பிக்கைகளும் உண்மைகளும்

பின்னக் கோட்டுக்கு மேலே நிற்கும் எண்ணைத் தொகுதி என்றும் கீழே நிற்கும் எண்ணைப் பகுதி என்றும் கணித நூல்கள் குறிக்கின்றன. இரு பின்னங்களில் எது பெரியது என்று அறிய, ஒவ்வொன்றின் தொகுதியையும் மற்றதன் பகுதியால் பெருக்கி, கிடைக்கும் இரு பெருக்கற்பலன்களை ஒப்பிடுவதே குறுக்குப் பெருக்கல் ஆகும். 5/8, 7/11 ஆகிய பின்னங்களை எடுத்துக்கொண்டால், 5 × 11 = 55 என்றும் 7 × 8 = 56 என்றும் கிடைப்பதால் 7/11 பெரியது என்ற முடிவு உடனே வந்துவிடுகிறது. முறை இவ்வளவு சுருக்கமாக இருப்பதால் பலரது நினைவில் விதி மட்டும் தங்கி, அதன் காரணம் மறைந்துபோகிறது. அந்த மறதியிலிருந்து சில தவறான நம்பிக்கைகளும் கிளைத்திருக்கின்றன.

நம்பிக்கை: குறுக்குப் பெருக்கல் ஒரு தந்திரம், பொதுப் பகுதி காணும் முறையோடு அதற்குத் தொடர்பில்லை.

உண்மை: இரண்டும் ஒரே முறையே. பகுதிகள் வேறுபட்ட வேற்றினப் பின்னங்களில் ஒரு பங்கின் அளவே வேறுபடுவதால், பங்குகளின் எண்ணிக்கையை மட்டும் வைத்து அவற்றை ஒப்பிட இயலாது. பகுதி ஒன்றாக உள்ள ஓரினப் பின்னங்களாக மாற்றிய பிறகே தொகுதிகள் விடை சொல்லும். 5/8இன் தொகுதியையும் பகுதியையும் 11ஆல் பெருக்கினால் 55/88, 7/11இன் தொகுதியையும் பகுதியையும் 8ஆல் பெருக்கினால் 56/88 என்று இரு பின்னங்களும் மதிப்பு மாறாமல் ஓரினமாகின்றன. குறுக்குப் பெருக்கலில் கிடைத்த 55, 56 என்பவை இந்தத் தொகுதிகளே. பொதுப் பகுதியாகிய 88 இரு பக்கமும் ஒன்றாகவே இருப்பதால் அது எழுதப்படாமல் விடப்படுகிறது.

நம்பிக்கை: பெருக்கற்பலன்களை எந்தப் பக்கத்தில் எழுதினாலும் முடிவு மாறாது.

உண்மை: ஒவ்வொரு பெருக்கற்பலனும் எந்தப் பின்னத்தின் தொகுதியிலிருந்து பிறந்ததோ அந்தப் பின்னத்துக்கே உரியது. 55 என்பது 5/8இன் புதிய தொகுதி, 56 என்பது 7/11இன் புதிய தொகுதி. இவற்றை இடம் மாற்றி எழுதினால் பெருக்கல் பிழையின்றி அமைந்தும் முடிவு தலைகீழாகிவிடும். எனவே பெருக்கற்பலனை அதற்குரிய தொகுதியின் தலைமேல் எழுதிவைப்பதே பாதுகாப்பான வழக்கமாகும்.

நம்பிக்கை: பெருக்கற்பலன்களின் வித்தியாசமே பின்னங்களின் வித்தியாசம்.

உண்மை: பெருக்கற்பலன்கள் எது பெரியது என்பதைச் சொல்கின்றனவே தவிர, எவ்வளவு பெரியது என்பதைத் தாமே சொல்வதில்லை. 2/3ஐயும் 1/2ஐயும் ஒப்பிட்டால் 4, 3 என்ற பெருக்கற்பலன்களும், 7/11ஐயும் 5/8ஐயும் ஒப்பிட்டால் 56, 55 என்ற பெருக்கற்பலன்களும் கிடைக்கின்றன. இரு இடங்களிலும் வித்தியாசம் 1 என்றாலும், முன்னதில் எழுதப்படாத பகுதி 6, பின்னதில் 88 என்பதால், உண்மையான இடைவெளி முறையே 1/6, 1/88 ஆகும். முன்னது பின்னதைப்போல் 14 மடங்குக்கும் மேற்பட்டது.

நம்பிக்கை: எல்லாப் பின்னங்களுக்கும் இந்த விதி அப்படியே பொருந்தும்.

உண்மை: பகுதிகள் இரண்டும் மிகை எண்களாக, அதாவது சுழியைவிடப் பெரியவையாக, இருக்கும்போது விதியை ஐயமின்றிப் பயன்படுத்தலாம். 1/(−2)ஐயும் 1/3ஐயும் ஒப்பிடும்போது 1 × 3 = 3, 1 × (−2) = −2 என்று வருவதால், சுழிக்குக் கீழே உள்ள 1/(−2) பெரியது என்ற பொருந்தா முடிவு கிடைக்கிறது. இங்கே எழுதப்படாத பகுதி −6 என்னும் குறை எண். குறை எண்ணால் வகுக்கும்போது பெரிது சிறிது என்ற வரிசை புரண்டுவிடுவதே பிழைக்குக் காரணம். குறைக்குறியைத் தொகுதிக்கு மாற்றி −1/2 என்று எழுதிக்கொண்டால் பெருக்கற்பலன்கள் −3, 2 ஆகி, முடிவு சரியாகிவிடும்.

நம்பிக்கை: பின்னங்களை ஒப்பிட இதுவே எப்போதும் சிறந்த வழி.

உண்மை: பல இடங்களில் பெருக்கலே தேவைப்படுவதில்லை. 7/12, 7/15 ஆகியவற்றில் தொகுதி ஒன்றே என்பதால் பகுதி சிறியதாகிய 7/12 பெரியது. 4/9 அரைக்குக் குறைவு, 5/8 அரைக்கு மிகுதி என்பதால் அவற்றின் வரிசையும் பார்வையிலேயே தெரிந்துவிடும். 98/99, 99/100 ஆகியவற்றைக் குறுக்கே பெருக்கினால் 9800, 9801 என்ற பெரிய எண்கள் வரும். ஒன்றை எட்ட முன்னதற்கு 1/99உம் பின்னதற்கு 1/100உம் தேவை என்று நோக்கினால், குறைவு சிறிதாக உள்ள 99/100 பெரியது என்பது பெருக்காமலேயே விளங்கும். நான்கு பின்னங்களை வரிசைப்படுத்த வேண்டிய நிலையில், இரண்டிரண்டாகக் குறுக்கே பெருக்கிக்கொண்டிருப்பதைவிட, பகுதிகளின் மீச்சிறு பொது மடங்கைக் கண்டு எல்லாவற்றையும் ஒரே தடவையில் ஓரினமாக்குவது பெரும்பாலும் எளிது. எனினும் தசமமாக மாற்றுவது குறுக்குப் பெருக்கலைவிடத் துல்லியமானது என்ற எண்ணமும் சரியன்று. 98/99, 99/100 ஆகிய இரு பின்னங்களையும் இரு தசம இடங்களுக்குத் திருத்தினால் இரண்டும் 0.99 என்றே தோன்றும்.

நம்பிக்கை: இது அண்மைக்காலத் தேர்வுகளுக்காக உண்டான குறுக்குவழி.

உண்மை: இதன் அடிப்படை மிகப் பழமையானது. நான்கு எண்கள் விகித சமத்தில் இருந்தால் முதல் எண்ணையும் நான்காம் எண்ணையும் பெருக்கி வருவது இரண்டாம் எண்ணையும் மூன்றாம் எண்ணையும் பெருக்கி வருவதற்குச் சமம் என்பதை, கி.மு. 300 அளவில் வாழ்ந்த யூக்ளிட் தமது ‘மூலங்கள்’ நூலின் ஏழாம் பிரிவில் நிறுவியுள்ளார். ஒரு பின்னத்தின் தொகுதியையும் பகுதியையும் மற்றதன் பகுதியால் பெருக்கி இரண்டையும் ஓரினமாக்கும் விதியை, கி.பி. 499ஐ ஒட்டி இயற்றப்பட்ட ஆரியபட்டீயத்தின் கணிதபாதம் தருகிறது.

பழந்தமிழ்க் கணக்கோ பொதுப் பகுதியை அளவு முறைக்குள்ளேயே அமைத்துக்கொண்டது. அதில் வீசம் அல்லது மாகாணி 1/16, மா 1/20, காணி 1/80, முந்திரி 1/320. ஆகவே ஒரு வீசம் 20 முந்திரி, ஒரு மா 16 முந்திரி. மூன்று வீசமாகிய 3/16ஐயும் நான்கு மாவாகிய 4/20ஐயும் குறுக்கே பெருக்கினால் 60, 64 என்ற எண்கள் கிடைக்கின்றன; எழுதப்படாத பகுதி 16 × 20 = 320 என்பதால், இவ்விரு எண்களும் அந்த அளவுகளில் அடங்கிய முந்திரிகளின் எண்ணிக்கையே. இங்கு 320இல் ஒரு பங்குக்கு முந்திரி என்ற பெயர் இருப்பதால் பெருக்கற்பலன் எதை எண்ணுகிறது என்ற கேள்வியே எழுவதில்லை; பெயரில்லாத 88இல் ஒரு பங்கையும் அவ்வாறே ஓர் அளவாகக் கருதப் பழகியவருக்கு விதியைத் தனியே மனப்பாடம் செய்யவேண்டிய தேவை இராது.