பழைய ஆட்டமும் புதிய யந்திரமும்

ஓலைச் சுவடியில் எழுதப்பெற்ற நூலைப் படித்தற்குக் கண்ணும் எழுத்தறிவும் போதும். வீடியோ கேம் என வழங்கும் ஆட்டமோ அத்தகையதன்று. தனக்கென அமைந்த யந்திரத்தினுட் புகுந்தாலன்றி அது தன்னை வெளிப்படுத்தாது. அந்த யந்திரம் பழுதாயின் கேசட் கையிலிருந்தும் பயனில்லை. ஜப்பான் தேசத்து நிண்டெண்டோ நிறுவனத்தார் 1983-ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘ஃபாமிகாம்’ என்னும் கன்சோலுக்கென எழுந்த ஆட்டங்கள், இன்று கைபேசியிலும் கணிப்பொறியிலும் ஆடப்படுகின்றன. அதற்குத் துணையாவது எமுலேட்டர் என்னும் மென்பொருள். அஃது எவ்வாறு இயங்குகின்றது என்பதனையும், அதனால் எழும் சில ஐயங்களையும் ஈண்டு ஒருசிறிது ஆராய்வாம்.

சேலம் மாவட்டத்து ஜலகண்டாபுரம் நெசவாளர் மிகுந்த ஊர். தறியின்மேல் ஜக்கார்டு பெட்டி பூட்டிப் பூவேலை நெய்வதைக் கண்டோர்க்கு இவ்விஷயம் எளிதில் விளங்கும். 1804-இல் பிரான்சு தேசத்தில் ஜக்கார்டு என்பார் அமைத்த அப்பெட்டி, துளையிட்ட அட்டைகளால் இயங்குவது. துளையுள்ள இடத்து ஊசி உட்செல்லும். அதனோடியைந்த கொக்கி மேலெழுந்து பாவு நூலைத் தூக்கும். துளையில்லாவிடத்து ஊசி தள்ளுண்டு, நூல் கீழே நிற்கும். அவ்வாறாயின் பூ எங்கே உளது? தறியிலன்று, நூலிலுமன்று, துளைகளின் வரிசையிலேயே உளது. எனினும், கொக்கிகளின் தொகை வேறாகிய பெட்டியில் அதே அட்டைகளை மாட்டினாற் பூ வாராது. மின்விசையாலியங்கும் புதிய ஜக்கார்டிலோ அட்டையே இல்லை. பழைய பூவை அதில் நெய்ய வேண்டின், துளையும் துளையின்மையும் நின்ற வரிசையைக் கோப்பாக எழுதிக் கொடுத்தல் வேண்டும்.

கேசட்டை அட்டையாகவும் கன்சோலைப் பெட்டியாகவும் கொள்க. எமுலேட்டர் செய்வது மேற்கூறியதினும் ஒரு படி மேலானது. அட்டையில் ஒரு துளையையும் மாற்றாமல், பழைய பெட்டி முழுவதையும் புதிய தறிக்குள்ளே கணக்கினாற் கட்டிவிடுகின்றது. ஃபாமிகாமின் மூளையாகிய சில்லு 6502 என்னும் இனத்தது. நொடிக்குச் சுமார் 17 லட்சத்து 90 ஆயிரம் துடிப்புகளையுடையது. வேலை செய்தற்கு அது பெற்ற நினைவகம் 2 கிலோபைட் மாத்திரமே. கேசட்டினின்று பெயர்த்தெடுத்த கட்டளைகளை எமுலேட்டர் ஒவ்வொன்றாகப் படித்து, ‘இதனைக் கண்டால் அச்சில்லு யாது செய்யும்?’ என நோக்கி, அதனையே தானும் செய்கின்றது. கட்டளைகளை அறிதல் எளிது. காலத்தை ஒத்து நடத்தலே அரிது. அமெரிக்க, ஜப்பானியக் கன்சோல்களில் மூளைச் சில்லு ஒரு முறை துடிக்குமுன், படம் வரையும் சில்லு மூன்று புள்ளிகளைக் கடந்துவிடும். இக்கணக்குச் சிறிது பிசகினும் சில ஆட்டங்களில் திரை நடுங்கும். சில ஆட்டங்கள் நின்றேபோம்.

இம்முறை ஆட்டத்திற்கென்று பிறந்ததன்று. ஐ.பி.எம். நிறுவனத்தார் 1964-இல் ‘சிஸ்டம் 360’ என்னும் கணிப்பொறியை அறிவித்தபோது, தம் பழைய 1401 யந்திரத்திற்கு எழுதப்பட்டிருந்த புரோகிராம்கள் வீணாகாவண்ணம் இதனைக் கையாண்டனர். எமுலேட்டர் என்னும் பெயரும் அவர்கள் இட்டதே. சம்பளக் கணக்குகளைக் காக்க வந்த வித்தை பின்னர் மேரியோவைக் காத்தது வேடிக்கையே.

நிற்க. தமிழ் பயில்வோர்க்கு இதில் உவப்பான பகுதி பாடபேத ஆராய்ச்சியாகும். 1887-இல் சீவகசிந்தாமணியைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர் சுவடிகளில் வேறுபட்ட பாடங்களையும் குறித்துக் காட்டினார். தமக்குப் பொருந்தாதவற்றை மறைத்தாரல்லர். எமுலேட்டர் எழுதுவோரும் இத்தகைய நிலையிலேயே நிற்கின்றனர். ஃபாமிகாம் திரையின் ஒரு கிடைக்கோட்டில் எட்டு அசையும் உருவங்களுக்குமேல் தோன்றா. ஆதலின் பகைவர் பலர் கூடுமிடத்து உருவங்கள் மின்னி மறையும். எமுலேட்டரில் இவ்வரம்பை நீக்கிவிடலாம், காட்சி தூயதாகும். ஆனால் ஓர் உருவத்தை வேண்டுமென்றே மறைத்தற்கு இவ்வரம்பையே கருவியாகக் கொண்ட ஆட்டங்களும் உள. அங்கே திருத்தம் பிழையாகின்றது.

இதனினும் நுட்பமானது வேகத்தைப் பற்றிய வினா. 1990-களில் நம் நாட்டில் சாமுராய், லிட்டில் மாஸ்டர், மீடியா முதலிய பெயர்களால் விற்ற கன்சோல்கள் ஃபாமிகாமின் படிகளே. அமெரிக்க, ஜப்பானியத் தொலைக்காட்சி நொடிக்கு 60 முறை திரையை வரைந்தது. நம் நாட்டு முறையோ 50. அறுபதிற்கென எழுதிய ஆட்டம் ஐம்பதில் இயங்கும்போது ஆறிலொரு பங்கு வேகம் குறையும். இசையின் தாளமும் தளரும். அத்தகைய கன்சோலில் ஆடிப் பழகிய பெரியோர்க்கு, இன்று கைபேசியில் மேரியோ விரைந்தோடுவதாகத் தோன்றின், அது முதுமையின் குறையன்று. எது மூலபாடம்? இயற்றியோர் கருதியது அறுபது. இங்குள்ளோர் ஆடியது ஐம்பது. இரண்டும் காக்கத் தக்கனவென்றே யான் கருதுவேன். 1992-இல் ரஷ்யாவில் விற்பனைக்கு வந்த ‘டெண்டி’ என்னும் படியின் பெயரால் ஐம்பதின் அமைப்பொன்று சில எமுலேட்டர்களில் உண்டு.

பெயர்த்தெழுத இயலாதனவும் உள. ‘டக் ஹன்ட்’ ஆட்டத்தின் துப்பாக்கி ஒளியை உமிழ்வதன்று, ஒளியை வாங்குவது. விசையை அழுத்தியவுடன் திரை ஒரு கணம் கறுக்கும். பின்னர் வாத்து இருந்த இடத்தில் வெண்கட்டம் தோன்றும். துப்பாக்கி அவ்வொளியைக் கண்டால் வாத்து வீழும். குழாய்த் தொலைக்காட்சி படத்தை உடனுக்குடன் வரைந்ததனால் இஃது இயன்றது. இக்காலத்துத் தட்டைத் திரை சிறிது தாமதித்தே காட்டுவதால், அப்பழைய துப்பாக்கி அதன்முன் குருடாகின்றது. எமுலேட்டரில் விரலாலோ மௌஸாலோ சுடலாம். ஆயினும் கை நீட்டிக் குறிபார்க்கும் இன்பம் அதில் இல்லை.

சட்டத்தைப் பற்றியும் கூறுதல் வேண்டும். பிளேஸ்டேஷனுக்கு எமுலேட்டர் எழுதும்பொருட்டு அதன் உள்ளமைப்பைப் படியெடுத்து ஆராய்ந்தது நியாயமான உபயோகமே என, ஸோனி–கனெக்டிக்ஸ் வழக்கில் அமெரிக்க மேன்முறையீட்டு நீதிமன்றம் 2000-இல் தீர்த்தது. நம் நாட்டுப் பதிப்புரிமைச் சட்டம் (1957) 52-ஆம் பிரிவில், புரோகிராமை முறையாகப் பெற்றவர் இழப்பிற்குக் காவலாகப் படியெடுத்தலை அனுமதிக்கின்றது. பிறருடைய ஆட்டத்தை ஊரார்க்கெல்லாம் வாரி வழங்குதல் அதில் அடங்காது. மேலும், அக்காலத்து நம் கடைகளில் மலிந்த ‘9999 ஆட்டங்கள்’ கேசட்டுகள் உரிமையின்றிப் படியெடுத்தவை. அவற்றிற்கு இவ்வனுமதியின் நிழல் எட்டாது. மறுபுறமோ, அமெரிக்காவில் 2010-க்கு முன் வெளிவந்த ஆட்டங்களில் நூற்றுக்கு 87 இன்று விலைக்குக் கிடையாவென வீடியோ கேம் வரலாற்று அறநிலையத்தார் 2023-இல் கண்டனர். விற்பாருமில்லை, படியெடுக்க விடுவாருமில்லை என்னும் இடுக்கிலேயே பெரும்பான்மையான ஆட்டங்கள் அழிகின்றன.

சில கேசட்டுகளினுள், ஆடினவர் எட்டிய நிலையைக் காக்கும்பொருட்டு நாணயம் போன்ற சிறு பேட்டரி ஒன்று உளது. அது தீர்ந்தால் ஆட்டம் அழியாது. சேமித்த நிலை மாத்திரம் அழியும். இன்னும் மின்னுள்ள கேசட்டை அதற்குரிய கருவியிற் செருகிச் சேமிப்பையும் சேர்த்துப் பெயர்த்துக் கொண்டால், பள்ளிப் பருவத்தில் பாதியில் விட்ட ஆட்டத்தை விட்ட இடத்தினின்றே எமுலேட்டரில் தொடரலாம்.